விழிப்படலத்தை அளத்தல்

கண்ணின் கரிய பகுதிக்கு மேலே, கைக்கடிகாரத்துக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. ஆயினும், கண்ணுட் புகும் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது.

போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் பிளாசிடோ என்பார் 1880ஆம் ஆண்டில் இதன் வளைவை அறிய எளியதொரு வழி கண்டார். தட்டு ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் வரைந்து, நடுவே துளையிட்டு, அத்துளை வழியே நோயாளியின் கண்ணை நோக்கினார். படலம் ஆடி போல அவ்வளையங்களைக் காட்டிற்று. அவை வட்டமாகத் தோன்றின் வளைவு செவ்விது. நீண்டும் கோணியும் தோன்றின் வளைவு பிழைபட்டது. எத்துணை நுண்ணறிவு! இன்றும் கணிப்பொறிகள் இத்தகைய வளையங்களைப் படமெடுத்தே வளைவைக் கணிப்பதுண்டு.

ஆனால், ஆடியில் தோன்றும் உருவம் ஆடியின் கனத்தை உரைக்குமோ? வளையங்கள் படலத்தின் முன்புறத்தை மட்டுமே காட்டும். படலம் மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோயோ பின்புறத்தில் முதலில் தலைகாட்டுதலும் உண்டு. அஃதறியாது, மூக்குக்கண்ணாடியைத் துறக்க விரும்பி லேசர் ஒளியாற் படலத்தைச் செதுக்கிக்கொள்வார்க்குப் பார்வை பெரிதும் கெடலாம்.

ஆகவே, பின்புறத்தையும் காட்டும் முறைகள் வேண்டப்பட்டன. ஒன்று, மெல்லிய ஒளிக்கீற்றாற் படலத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் விளக்கி, சாய்வாக நிறுத்திய படப்பெட்டியாற் படம்பிடிப்பது. வான்வழி எடுத்த நிழற்படங்களின் கோணலைத் திருத்த ஆஸ்திரியரான ஷெய்ம்ப்ஃப்ளுக் ஆராய்ந்த நெறி இது. மற்றொன்று, அகச்சிவப்பொளியைச் செலுத்தி, அது மீண்டுவருவதைக் கொண்டு உள்ளடுக்குகளை நுணுகிக் காண்பது. படலம் மங்கியிருப்பினும் பின்னது பெரும்பாலும் உதவும்.

இரண்டும் கனத்தை அளப்பினும், பூ விற்போர் இருவரின் முழம் ஒத்திராதவாறு போல, அவை தரும் எண்கள் முற்றும் ஒத்திரா. இவ்வாண்டு ஒன்றாலும் மறுவாண்டு பிறிதொன்றாலும் அளந்தால், சிறு வேறுபாடு நோயால் நேர்ந்ததோ கருவியால் நேர்ந்ததோ என்னும் ஐயம் எழும். ஆதலின், முதலில் அளந்த கருவிகொண்டே மீண்டும் அளத்தலை மருத்துவர் விரும்புவர்.