பாடசாலை அனுமதியும் இட நெருக்கடியும்



நகரப் பாடசாலைகளின் இட நெருக்கடி பற்றிக் குடியியற் கல்வி வினாத்தாளில் வினவப்பட்டால், "மாணவர் தொகை அதிகம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். மாணவர்கள் ஏன் ஓரிடத்தில் குவிகின்றனர் என்பதையும் விளக்குதல் வேண்டும். இருவகைக் குவிதலை இங்கு நோக்குவோம்.

1. நல்ல பாடசாலையைத் தேடி வருதல்

அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதி, கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்திற்கு அமைய நடைபெறுகின்றது. அண்மையில் வசிப்போர், பழைய மாணவரின் பிள்ளைகள், ஏற்கெனவே கற்போரின் சகோதரர் முதலிய பிரிவுகளின்கீழ் புள்ளிகள் வழங்கப்படும். வதிவிடத்தை நிரூபிக்கக் காணி உறுதி, வாக்காளர் இடாப்புப் பதிவு போன்றவை கோரப்படும்.

ஆயினும் எல்லைக்கு வெளியே வசிக்கும் பெற்றோர் பலரும் நகரப் பாடசாலையையே நாடுகின்றனர். ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, உயர்தர வகுப்பு இல்லை என்பன அதற்குக் காரணங்களாகும். சிலர் பொய்யான முகவரியையும் காட்டுகின்றனர். இதனால் நகர வகுப்பறையில் ஒவ்வொரு கொப்பியையும் பார்க்க ஆசிரியருக்கு நேரம் போதாது. ஊர்ப் பாடசாலையிலோ வாங்குகள் வெறுமையாகின்றன. மாணவர் குறைய ஆசிரியரும் குறைகின்றனர். நெருக்கடியும் வெறுமையும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதை மனதிற் கொள்க.

2. இடம்பெயர்ந்து வருதல்: புத்தளம்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளம் நகரிலும் கல்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சமடைந்தனர். உள்ளூர் மக்கள் அவர்களை வரவேற்று உணவும் இடமும் அளித்தனர். ஆனால் கரையோரப் பாடசாலைகள் இத்தனை பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

எனவே சில பாடசாலைகளில் காலையில் உள்ளூர் மாணவரும் பிற்பகலில் இடம்பெயர்ந்த மாணவரும் கற்றனர். வேறு சில இடங்களில் கிடுகுக் கொட்டில்கள் வகுப்பறைகளாயின. இடம் போதாதபோது நேரம் பங்கிடப்பட்டது எனலாம்.

நன்மை: பிள்ளைகளின் கல்வி அடியோடு நின்றுவிடவில்லை.
தீமை: பாட நேரம் சுருங்கியது, தளபாடம், மலசலகூடம், குடிநீர் யாவும் இரு சாராருக்கும் போதாதனவாயின. காலப்போக்கில் வளங்கள் தொடர்பான மனக்கசப்பும் தோன்றியது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இப்பிள்ளைகள் சிறந்த பாடசாலையைத் தெரிவுசெய்து எல்லை கடந்தவர்கள் அல்லர். அவர்களது காணியும் வாக்காளர் பதிவும் வடக்கிலேயே இருந்தன. ஓரிடத்தில் நிலையாக வாழ்வோரை எண்ணி வகுத்த விதியை, வீட்டை இழந்தவர் மீது அப்படியே பிரயோகிப்பது நீதியாகாது.

3. சட்ட ஏற்பாடுகள்

• அரசியலமைப்பின் உறுப்புரை 12: சட்டத்தின் முன் யாவரும் சமம்.
• உறுப்புரை 27: எல்லா மட்டங்களிலும் கல்விக்கான சமவாய்ப்பை உறுதிப்படுத்தல் அரச கொள்கையின் வழிகாட்டற் கோட்பாடுகளுள் ஒன்று. ஆனால் இக்கோட்பாடுகளை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்த முடியாது.
• சிறுவர் உரிமைகள் சமவாயம்: இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது.
• கட்டாயக் கல்வி: 1998 முதல் 5-14 வயது, 2016 முதல் 5-16 வயது.

4. மாதிரி வினா

வினா: "அனுமதி விதிகளைக் கடுமையாக்கினால் இட நெருக்கடி தீரும்." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு: விதிகள் தேவை, அவை இல்லாவிடின் பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கே இடம் கிடைக்கும். எனினும் விதி இருக்கும் இடங்களைப் பங்கிடுமேயன்றிப் புதிய இடத்தை உருவாக்காது. ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியரும் வசதியும் வழங்கப்படும்போதே எல்லை தாண்டும் தேவை குறையும். அனர்த்தம், யுத்தம் போன்ற வேளைகளில் ஆவணத்தைவிடப் பிள்ளையின் கல்வி உரிமையே முதன்மை பெறல் வேண்டும். உதாரணமாகப் புத்தளத்தைக் காட்டுக.

பயிற்சி: உங்கள் ஊரில் மாணவர் நிரம்பிய பாடசாலை ஒன்றையும் மாணவர் குறைந்த பாடசாலை ஒன்றையும் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணங்கள் மூன்று எழுதுக. சொந்த ஊர் உதாரணம் உங்கள் விடைக்கு வலுச்சேர்க்கும்.