இளைப்பாறுவது சோம்பலாகுமா?



தலையான பாவங்கள் ஏழில் சோம்பலும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆனால் சோம்பல் அல்லாததைச் சோம்பல் என்று தூற்றுவது பிறர்சிநேகத்துக்கு விரோதமான குற்றம். இவ்வாரம் இதைச் சற்று யோசிப்போம்.

சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு, சூம்பிய காலின் முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டே நடந்து வளர்ந்தவர்களை நம் பிரம்மதேசம், திண்டிவனம் பக்கத்தில் நாம் அறிவோம். தையல் மிஷினிலும், கடையிலும், கடலைக் கொல்லையிலும் உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினவர்கள் அவர்கள். 1995-ல் நாடெங்கும் சொட்டு மருந்து இயக்கம் தொடங்கிற்று. இயற்கையாய்ப் பரவும் போலியோக் கிருமியால் நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. நோய் போயிற்று, நோயில் தப்பியவர்களோ இன்று முதுமையை நெருங்குகிறார்கள்.

இத்தனை வருஷம் நடந்தவர் இப்போது நாலடி வைத்தால் சோர்கிறார். நல்ல கால் என்றிருந்ததும் தளர்கிறது. மூட்டும் தசையும் வலிக்கின்றன, குளிர் தாங்கவில்லை, சிலருக்கு விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம். வீட்டார், "சாக்குச் சொல்கிறார்" என்கிறார்கள். அவரோ வெட்கப்பட்டு மறைக்கிறார்.

காரணம் என்ன? முதுகுத்தண்டிலுள்ள நரம்பணுக்களில் பலவற்றை அந்நோய் அன்றே அழித்தது. பிழைத்த அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, அழிந்தவற்றின் வேலையையும் ஏற்றுக்கொண்டன. இரண்டு மாடு இழுக்கவேண்டிய வண்டியை ஒரே மாடு முப்பது, நாற்பது வருஷம் இழுத்தது. இப்போது அது தளர்கிறது. அடித்தால் வண்டி நகருமா? இது பழைய கிருமி திரும்பி வந்ததல்ல, பிறருக்கு ஒட்டுவதுமல்ல. தீர்க்கும் மருந்து இல்லாவிடினும் தணிக்க வழியுண்டு. வேலையைப் பிரித்துச் செய்து, களைக்குமுன்பே உட்கார வேண்டும். அளவான தேகப்பயிற்சி நலம். மறுநாளும் களைப்பு நீடிக்கும்படியான பயிற்சி கூடாது. உடல் பருக்காமலும், கீழே விழாமலும் காத்துக்கொள்ள வேண்டும். வேறு நோயாலும் தளர்ச்சி வரலாமாதலால் டாக்டரிடம் காட்டுவது அவசியம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்குமுன், போலியோ கண்டதைச் சொல்லிவிட வேண்டும்.

கோல் இல்லாமல் நடந்ததையே பெருமையாக எண்ணியவருக்கு, மறுபடி கோலையோ சக்கர நாற்காலியையோ நாடுவது தோல்விபோல் தோன்றும். 1954-ல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் உருவாகவும் அவரே முன்னின்றார். நாற்காலி அவரைத் தடுக்கவில்லை, தாங்கிற்று.

கோவிலிலும் அப்படியே. முழந்தாளிட முடியாதவர் உட்கார்ந்து ஜெபிக்கலாம். நோயினால் வர இயலாதவருக்கு ஞாயிறு பூசைக் கடன் இல்லை. நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி சுவாமியாரைக் கேட்கலாம்.

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கிய சுவிசேஷம் நாம் அறிந்ததே. பிறர் தோளில் வந்தான் என்று சேசுநாதர் சுவாமி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய விசுவாசத்தையே கண்டார்.

இவ்வாரத் தீர்மானம்: வீட்டிலோ அண்டையிலோ இப்படி ஒருவர் இருந்தால், "ஏன் முடியவில்லை?" என்று கேளாமல், "எதை நான் சுமக்கட்டும்?" என்று கேட்போம். நோயில் தப்பிய சகோதர சகோதரிகளே, நீங்களும் சுமக்க விடுங்கள். அதுவும் தாழ்ச்சி என்னும் புண்ணியமே.