காலாணிக்கு வேர் இல்லை

பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறார் என்று எவரும் எண்ணி வைத்ததில்லை. சீவுவதற்கு ஒரு முறை, பால் எடுப்பதற்கு ஒரு முறை என ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் இருமுறை நின்றாக வேண்டும். 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பின்னர், இம்மாநிலத்தின் மேடு பள்ளங்களை ஏறி இறங்கிய கால்களுள் நம்மவர் கால்கள் மிகப் பல. இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நம் பிள்ளைகளுள் பலர் ஆயர் குரோ, பத்து பெரண்டாம் ஆலைகளில் கனத்த காப்புச் சப்பாத்து அணிந்து நாள் முழுதும் நிற்கின்றனர். வேலை மாறினும் காலாணி நம்மை விடுவதாயில்லை.

காலாணி என்பது யாது? தோலின் ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் இடைவிடாது ஏற்படுமாயின், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துப் போகிறது. உளி பிடிக்கும் உள்ளங்கை காய்த்துப் போவதும் இவ்வகையே. ஆனால், பாதத்தில் அழுத்தம் ஒரு சிறு புள்ளியில் குவியும்போது, தடித்த தோல் கூம்பு வடிவில் உள்நோக்கி இறங்குகிறது. அதன் முனை கீழேயுள்ள நரம்பைக் குத்துவதால்தான், கல்லின்மேல் மிதித்தது போன்ற வலி உண்டாகிறது. விரல் இடுக்கில் வியர்வையிலும் பனி ஈரத்திலும் ஊறி, வெள்ளையாய், மென்மையாய்த் தோன்றும் ஆணியும் உண்டு.

“ஆணியை வேரோடு பிடுங்கினால்தான் போகும்” என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இந்நம்பிக்கையால் விளைந்த புண்கள் கொஞ்சமல்ல. காலாணிக்கு வேர் கிடையாது. அது நட்டு வளர்ந்த செடியன்று. அழுத்தம் செதுக்கிய இறந்த தோல். பிளேடால் ஆழத் தோண்டுவதாலும், எருக்கம்பாலையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டுவதாலும் நல்ல தோல்தான் வெந்து புண்ணாகும். அழுத்தம் நீங்காத வரையில் ஆணி மீண்டும் வரும். வேர் மிஞ்சிவிட்டது என்று நாமும் மீண்டும் தோண்டுவோம்!

பாதத்தில் தோன்றும் மருவையும் சிலர் ஆணி என்றே கருதுகின்றனர். மரு கிருமியால் வருவது. அதன் மேற்பரப்பில் சிறு கரும்புள்ளிகள் காணப்படலாம். பக்கவாட்டில் கிள்ளினால் மரு மிகுதியாக வலிக்கும். நேராக அழுத்தினால் ஆணி மிகுதியாக வலிக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறாதலால், முதலில் மருத்துவரிடம் காட்டுதலே முறை.

மருத்துவமனையில் செய்யும் முதன்மையான சிகிச்சை மிக எளியது. தூய்மையாக்கப்பட்ட கூரிய கத்தியால் தடித்த தோலை ஏடு ஏடாகச் சீவி, நடுவிலுள்ள கூம்பை எடுத்துவிடுகின்றனர். இறந்த தோலில் நரம்பு இல்லாமையால் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படாது. மரத்திற்குக் காயம் படாமல் பட்டை சீவுவது எத்தகைய கைத்திறன் என்பதை அறிந்த நமக்கு, இதையும் பழகிய கையே செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு அன்றே வலி குறைந்துவிடும்.

மருந்துக் கடைகளில் விற்கும் காலாணி பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் உள்ளது. சிலவற்றில் 40 விழுக்காடு வரை இருக்கும். அது தடித்த தோலை மெல்ல இளக்கும். ஆணியின் அளவுக்கே வெட்டி ஒட்ட வேண்டும். அகலமாக ஒட்டினால் நல்ல தோலையும் அரித்துவிடும். அமிலந்தானே என்று, பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைத் தொட்டு வைக்க எவரும் எண்ணலாகாது. அது சதையையே சுட்டுவிடும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்தப் பிளாஸ்திரியும் ஆகாது. வீட்டில் வெட்டுதலும் ஆகாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அது நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். இரத்த ஓட்டமும் குறையும். ஆணிக்கு அடியில் புண் வைத்திருப்பது தெரியாமலே வேலைக்குப் போய்வருவார். சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்க நேர்வது இவ்வாறுதான். வலி இல்லையே என்று இவர்கள் மகிழ்தல் கூடாது; வலி இல்லாமையே இங்கு அபாயக் குறி. ஆணி கறுத்தாலும், நீர் கசிந்தாலும், சுற்றிலும் சிவந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விரல் எலும்பு வளைந்து சப்பாத்தில் இடிப்பதால் ஆணி திரும்பத் திரும்ப வருமானால், எலும்பைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையும் உண்டு. அது சிலருக்கே தேவைப்படும். மற்றவர்களுக்குப் பொருந்தும் சப்பாத்தும், பாதத்தின் சுமையைப் பரப்பும் மெத்தை அட்டையும், விரலிடையே வைக்கும் மென்திண்டும் போதும். சப்பாத்து வாங்குவதானால் மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளியே. மேற்சிகிச்சை தேவையெனில் ஜாசின், அலோர் காஜா அல்லது மலாக்கா மருத்துவமனைக்கு அங்கிருந்தே எழுதிக் கொடுப்பார்கள். செல்லும்போது புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகாமல், வேலைக்கு அணியும் பழைய சப்பாத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். அது உள்ளே எங்குத் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, கால் எங்கு அழுந்துகிறது என்பதை மருத்துவர் கண்டுகொள்வார்.