டவர் கிடைக்காத போன்: வழக்கு யார்மீது?

கேள்வி: வாங்கி எட்டே மாதம் ஆன செல்போனில் அடிக்கடி டவர் போய்விடுகிறது. “உள்ளே தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது” என்கிறது சர்வீஸ் சென்டர். சிம் கம்பெனியோ செட்டில்தான் கோளாறு என்கிறது. யார்மீது வழக்குப் போடலாம்? – ஒரு வாசகர், திருச்சி.

பதில்: இரண்டு பேரும் கையை விரிக்கும்போது இருவர்மீதும் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால், பொருளில் குறைபாடு என்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடைக்காரரும் தயாரிப்பாளரும். சேவையில் குறைபாடு என்றால் சிம் நிறுவனம். எது என்று காட்டும் பொறுப்பு முதலில் வழக்குப் போடுபவருக்கே. அதனால் கோளாறு எங்கே என்பதை வாசகர் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அதற்கு மெக்கானிக் தேவையில்லை. அதே சிம்மை வேறொரு போனில் போட்டு, அதே அறையில், அதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115க்குக் கீழே போனால் பேச்சு அறுபடும். இரண்டு போனிலும் மோசம் என்றால் டவர் பிரச்னை. இந்த போனில் மட்டும் எங்கே போனாலும் மோசம் என்றால் ஆன்டெனாவோ ரிசீவர் பகுதியோ பழுதாகியிருக்கலாம். நெட்வொர்க்கை மேனுவலாகத் தேடச் சொல்லும்போது கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்தும் சொந்த சிம் பதிவாகவில்லையா? ரிசீவர் வேலை செய்கிறது, சிக்னலை அனுப்பும் பகுதியில்தான் சந்தேகம் என்பார்கள் பழுது பார்ப்பவர்கள். இதையெல்லாம் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வைக்கலாம்.

அடுத்து சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட். ‘தண்ணீர்’ என்ற காரணத்தை அதில் எழுதித் தரும்படியும், சிம் தட்டின் துளையிலோ உள்ளேயோ உள்ள ஈரப்பதம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருப்பதைப் போட்டோவோடு காட்டும்படியும் வாசகர் கேட்க வேண்டும். வாயால் சொன்ன மறுப்புக்கு நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பில்லை. கோபத்தில் தெருமுனைக் கடையில் போர்டைப் பிரிக்கக் கொடுத்துவிட்டால் வாரண்டியும் போகும், சாட்சியமும் போகும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் போனை முறைப்படி சோதிக்க வழி இருக்கிறது. சோதித்தால்தான் தெரியும் என்ற குறைபாடாக இருந்தால், பொருளை முத்திரையிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் அவகாசத்தை நீட்டிக்கும். சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். குறைபாடு உறுதியானால் பழுதை நீக்கவோ, புதுப் போன் தரவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு வழங்கவோ உத்தரவு கிடைக்கும்.

தவறு சிம் கம்பெனியிடம் என்று தெரிந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. தந்திச் சட்டத்தைக் காட்டி அதை மூடிவைத்திருந்த வாதத்தை, 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கம்பெனியில் புகார் கொடுத்ததற்கான எண்ணைக் குறித்து வைத்திருந்தால் போதும்.

செலவு பற்றிய கவலை வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. திருச்சியிலேயே மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். வழக்குப் போடும் முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வருகின்றன.

பில்லையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணில் போட்டிருந்தால், ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தானே பயன்படுத்த வாங்கியிருந்தால் அந்த ஆட்சேபம் நிற்காது.