நேர்முகத் தேர்வு

கற்றவர், தாம் கற்றதைப் பிறர் உணருமாறு எடுத்துரைக்கவும் வல்லவராதல் வேண்டும். இதனை உணர்ந்தே திருவள்ளுவர் சொல்வன்மை, குறிப்பறிதல், அவையஞ்சாமை என்பவற்றுக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்தார். பணி நாடிச் செல்வோர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் இடம் நேர்முகத் தேர்வாகும். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் இறுதித் தரவரிசைக்குக் கொள்ளப்படும் 2025 மதிப்பெண்களுள் 275 இதற்கே உரியன. எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதியவர் இதிலும் தமிழிலேயே விடை கூறலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. மழை பொய்ப்பின் அங்கே விளைவும் பொய்க்கும். ஆதலின், மகனோ மகளோ ஈட்டும் மாதச் சம்பளமே பல குடும்பங்களுக்கு வற்றாத கிணறாகும். தேர்வுக்கு அழைப்பு வந்த அன்று வீடே மகிழும்; அழைக்கப்பெற்ற இளைஞரோ உள்ளூர அஞ்சுவர். "சிற்றூரில் பிறந்து வளர்ந்தேன், அறியாத ஒன்றைக் கேட்டால் என் செய்வேன்?" என்பதே அவ்வச்சம். அது நீங்க, மாணவர்களே, ஒரு வரலாறு கேளுங்கள்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு உ. வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். கல்லூரியினர் ஐயரின் புலமையை வினாக்களால் ஆராய்ந்தனர். அவர் தேறினார், 1880-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் பணி ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து நிரம்பும் தறுவாய்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர் மற்றுமொரு சோதனையை எதிர்கொண்டார். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றபோது, என்னென்ன நூல்கள் கற்றுள்ளீர் என முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா எனக் கேட்டார். ஐயர் அதனைக் கற்றதில்லை. பூசி மெழுகி விடை கூற அவரால் இயலாதா? அவர் அவ்வாறு செய்யவில்லை. கற்றதில்லை என்பதை ஒளியாது கூறி, நூல் கிடைத்தால் கற்கலாம் என்றும் உரைத்தார். முதலியார் தம்மிடமிருந்த படியை அளித்தார். ஏழாண்டு உழைப்பின் பின், 1887-இல் சிந்தாமணி ஐயரின் பதிப்பாக அச்சில் வெளிவந்தது. புறநானூறு 1894-இலும் மணிமேகலை 1898-இலும் தொடர்ந்தன. அன்று அறிந்ததாக நடித்திருப்பின் அந்நூற்படி அவர் கைக்கு வந்திராது.

ஆதலின் தெரியாததைத் தெரியாது எனப் பணிவுடன் கூறுதல் இழுக்கன்று. ஆனால் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாது என்பது இழுக்கேயாம். அவ்வாறு தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விண்ணப்பத்தில் நாமே எழுதிய செய்திகள். பிறிதொன்று, நாம் பிறந்த ஊர்.

குண்டாற்றில் நீர் எப்போது வருகிறது? கண்மாயில் வண்டல் நிறைந்தால் விளைவது யாது? கரிசல் நிலத்தில் மானாவாரிப் பருத்தி விளைவது எங்ஙனம்? தறித்தொழிலுக்கு நேர்ந்துள்ள இடர் என்ன? இவற்றுட் பலவற்றை இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்டு அறிவர். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தன்னுள் காத்து வைக்கும். காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும் என்பதை எவரும் அவர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், அறிந்ததைக் காரணத்தோடு மூன்று வாக்கியங்களில் முறைப்படக் கூற அவர் பழகியதில்லை. இப்பழக்கமே தேர்வுக்கு உரிய ஆயத்தமாகும். நண்பர் ஒருவரை வினவச் செய்து, நாள்தோறும் வாய்விட்டு விடை கூறிப் பழகுக.

தேர்வு நாளில் சான்றிதழ்களை வரிசைப்பட அடுக்கிக் கொள்க. குறித்த நேரத்துக்கு முன்னரே சென்று சேர்க. உடை விலையுயர்ந்ததாய் இருத்தல் வேண்டா. தூய்மையாய் இருந்தால் போதும். அவையோரை வணங்கி, அமரச் சொன்னபின் அமர்க. வினா முடியுமுன் விடை தொடங்கற்க. கேட்டவர் முகம் நோக்கி, கேட்டதற்கு மட்டும் தெளிவாய் விடை கூறுக. கருத்து மாறுபடின் சினமின்றிக் காரணம் காட்டுக. விடைபெறும்போது நன்றி கூற மறவற்க.

இவ்வளவு செய்தும் பணி கிட்டாது போதலும் உண்டு. இடம் சில, வருவோர் பலர். அன்று மாலை வீடு திரும்பியதும், விடை கூற இயலாத வினாக்களை ஓர் ஏட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாய்க் கற்றுத் தெளிக. ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது அவர் விடை கூற இயலாத வினாவே அன்றோ?