வேலைக் குழுவின் தலைவர்: கங்காணி முறை தரும் பாடம்



சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்கள் புதிய இடத்தில் தனித்தனியே வேலை தேடுவது கடினம். பத்துப் பேர் சேர்ந்தால் காடு வெட்டவும், கான் வெட்டவும், மரக்கறித் தோட்டம் கொத்தவும் கொந்தரப்பு எடுக்கலாம். அப்போது ஒருவர் முன்னின்று விலை பேச வேண்டும். ஆட்களைக் கூட்ட வேண்டும். காசைப் பங்கிட வேண்டும். அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மலைநாட்டுத் தோட்டங்களின் அனுபவத்தைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

கங்காணியின் பலம் எங்கிருந்து வந்தது?

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டியவர் கங்காணி. வந்தவர்களும் நம்மைப் போல் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழிச்செலவு கங்காணி கொடுத்த முற்பணம். எனவே மலையில் கால் வைக்கும் முன்பே அவர்கள் கடனாளிகள் ஆனார்கள்.

கங்காணிகள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். பலர் சொந்த ஊரார், உறவினர். துரையிடம் பேசவும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் காசு தரவும் அவர்கள்தான் இருந்தார்கள். ஆனால் ஆள் திரட்டுவது, வேலை வாங்குவது, கடன் கொடுப்பது, கணக்கு வைப்பது எல்லாம் ஒரே கையில் இருந்தன. எழுத வாசிக்கத் தெரியாதவருக்குத் தன் கடன் எவ்வளவு தீர்ந்தது என்று அறிய வழியில்லை. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், கடன் தொகை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். அந்தத் தொகையைக் கட்டினால்தான் விடுதலை.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். குறையைச் சொல்லக் கங்காணியை விட்டால் வேறொரு வாசலும் திறந்தது.

இதிலிருந்து நாம் கற்பது: கடனும் கணக்கும் தலைவர் ஒருவரின் கையில் சேர்ந்தால், நல்ல மனிதரும் எசமானர் ஆகிவிடுவார்.

நாம் செய்ய வேண்டியவை

1. விலை பேசும்போது தலைவருடன் இன்னொருவரும் போகட்டும். பேசிய தொகையை அன்றே எல்லோருக்கும் சொல்லுங்கள்.

2. காசை ஒருவரும், கணக்குக் கொப்பியை வேறொருவரும் வைத்திருக்கட்டும். தினமும் வேலை முடிந்ததும் கணக்கை உரக்க வாசியுங்கள்.

3. தோட்டத்தில் ஒருவரின் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். அப்படியே எண்ணுங்கள். உதாரணமாக, 42,000 ரூபா கொந்தரப்பில் 10 பேர் 3 நாள் வேலை செய்தார்கள். அவர்களில் இருவர் ஒரு நாள் வரவில்லை. மொத்தம் 28 பேர். ஒரு பேருக்கு 1,500 ரூபா. எட்டுப் பேருக்குத் தலா 4,500, இருவருக்குத் தலா 3,000 ரூபா. தலைவருக்கும் இதே கணக்குத்தான். அவர் அலைந்த நாளுக்குப் பேர் போடுவதென்றால், வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

4. முற்பணம் தேவைப்பட்டால் குழுவின் பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். தலைவர் தன் மடியிலிருந்து கடன் கொடுக்க வேண்டாம். கடன்பட்டவர் பிழையைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார்.

5. பிழை செய்தவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். எல்லோர் முன்னும் ஏசினால் வேலை திருந்தாது, மனம்தான் முறியும். நன்றாகச் செய்ததை எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

6. தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்வை செய்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். நம் குழுவில் அப்படி வேண்டாம். கணக்கு வைப்பதிலும் விலை பேசுவதிலும் பெண்களுக்கு இடம் கொடுங்கள்.

7. தலைவர் மீதே குறை இருந்தால் யாரிடம் சொல்வது? அதற்கென ஒருவரை முதல் நாளே தெரிவு செய்யுங்கள்.

கலந்துரையாட

• நமது குழுவில் காசு யாரிடம் இருக்கிறது? கணக்கு யாரிடம் இருக்கிறது?

• தலைவரிடம் கடன்பட்டவர் எவரும் உண்டா? அதை எப்படித் தீர்க்கலாம்?

• எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் கணக்கு விளங்க என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விகளை அடுத்த கூட்டத்தில் தலைவரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். நல்ல தலைவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.