வீசை போய் கிலோ வந்தது ஏன்?

கேள்வி: சேர், வீசை, படி என்று காலங்காலமாக அளந்துவந்த நாம் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறியது ஏன்? பழைய அளவுகளில் என்ன குறை?

பதில்: ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு எடையைக் குறித்ததுதான் முதல் குறை. சென்னை வழக்கில் ஒரு சேர் 24 தோலா. சுமார் 280 கிராம். வங்காளத்துச் சேரோ 80 தோலா. சுமார் 933 கிராம். மணங்கும் அப்படித்தான்: இங்கே 11 கிலோ சொச்சம், அங்கே 37 கிலோவுக்கு மேல்.

முகத்தலளவையில் வேறொரு சங்கடம். படியைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். களத்தில் குவித்து வாங்கிய நெல்லைக் கடையில் தலைதட்டி விற்றால், படிக்கு மேல் நின்ற அத்தனையும் வியாபாரிக்கே.

கணக்கும் எளிதல்ல. 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. பணத்திலோ 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். வீசை 2 ரூபாய் விற்கும் புளியில் 3 பலம் வாங்குபவர், 2 ரூபாயை 384 தம்பிடியாக்கி, 40 பலத்தால் வகுத்து, மூன்றால் பெருக்க வேண்டும். விடை 2 அணா 4.8 தம்பிடி. கணக்கு அறியாதவருக்குக் கடைக்காரர் சொன்னதே விலை. கிலோ 200 ரூபாய் என்றால் 100 கிராம் 20 ரூபாய் என்பதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம்.

ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று இரட்டித்துக்கொண்டே போகும் வரிசை பாகம் பிரிக்க வசதியானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வசதி வீட்டோடு சரி. ஊர் தாண்டிய வியாபாரத்துக்கு உதவாது.

மெட்ரிக் முறை பிறந்த பிரான்சிலும் இதே குழப்பம்தான் இருந்தது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791-இல் அங்கே முடிவாயிற்று. எந்த அரசனின் முழமும் அதற்கு அடிப்படை அல்ல.

இந்தியாவில் 1956-இல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1958 அக்டோபரில் கிலோ எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின.

நிலத்தில் மட்டும் குழி, மா, சென்ட், கிரவுண்ட் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. குழியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில்தான் இருக்கும். நிலம் வாங்குவோர் வாய்ப்பேச்சை நம்பாமல் அந்த எண்ணைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.